எழுத முடிந்தது, வாசிக்க முடியவில்லை: இடப் பிடரி மடல் பக்கவாதம், ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்கின் ஜார்ஜ் டவுன் லெபு பசாரை மார்க்கெட் ஸ்திரீட் என்றே பழையவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அந்தத் தெருவில் உள்ள ஒரு மசாலாச் சரக்குக் கடையின் கணக்கர் இந்த நிகழ்வின் நோயாளி. வயது 64, வலக்கைப் பழக்கம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவர். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பில் எழுதுவார். நீண்ட நாளாக இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் உண்டு. மாத்திரை அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து வருகிறது. பல நோயாளிகளிடம் திரும்பத் திரும்பக் காணப்படும் கூறுகளைச் சேர்த்துப் பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு இது; தனி ஒருவரின் கோப்பு அல்ல.

காலை 9.20க்கு லோரியிலிருந்து மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சரக்குச் சீட்டை ஒப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு நடுவில் எழுத்து பிடிபடாமல் போனது. மங்கவில்லை, இரட்டையாகவும் தெரியவில்லை. “எழுத்து தெரியுது, என்ன எழுத்துன்னுதான் தெரியல” என்றார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். உள்ளே போகும்போது வலத் தோள் கதவு நிலையில் இடித்தது. பேச்சு சீராக இருந்தது, வாய் கோணவில்லை, கைகால் ஓடியது. ஆகவே பக்கவாதம் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. 10.15க்குக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார்கள்.

அங்கே எழுத்துப் பலகையில் ஒரு வரியும் சொல்ல முடியவில்லை. மூன்று கோடு எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று கையால் காட்டச் சொல்லும் பலகையிலோ கடைசிச் சிறு வரிவரை பிழையில்லாமல் காட்டினார். லென்ஸ் போதவில்லை என்று முடிவாகி, கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை வழக்கம்போல் மறுநாள் ஆர்டரை எழுதி வைத்தார். பதினான்கு வரி, அழகான கையெழுத்து. மறுநாள் காலை அந்தத் தாளை மகளிடம் நீட்டி, “இதைப் படிச்சுச் சொல்லும்மா” என்றார்.

“அப்பா, இது நீங்க எழுதினதுதானே?”

“கையெழுத்து என்னோடதுதான். என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியல.”

மகள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. ஆனாலும் அவசரப் பிரிவுக்கு வந்தபோது, தொடங்கி 26 மணி நேரம் ஆகியிருந்தது.

தவறிய நேரம்

இரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் ஊசியை, அறிகுறி தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் கொடுக்க வேண்டும். அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மி.கி., மொத்தம் 90 மி.கி.யைத் தாண்டக் கூடாது. பத்தில் ஒரு பங்கை ஒரே தடவையில் ஏற்றிவிட்டு மீதியை ஒரு மணி நேரத்தில் சொட்டாக ஏற்றுவார்கள். இவருக்குப் பகல் 1.50 வரை அந்த வாய்ப்பு இருந்தது.

வாய் கோணல், கை தொய்வு, பேச்சுக் குழறல் என்று பொதுமக்களுக்குச் சொல்லித்தரும் மூன்று அறிகுறிகளும் மூளையின் முன்பக்க, நடுப்பக்க இரத்தக்குழாய்களைக் குறிவைத்தவை. மூளையின் பின்புறமான பிடரிப் பக்கம் அடைபட்டால் அந்த மூன்றுமே இல்லாமல் போகலாம். அதனால்தான் இப்போது தள்ளாட்டத்தையும் திடீர்ப் பார்வைக் கோளாறையும் சேர்த்து ஐந்தாகச் சொல்கிறார்கள். திடீரென்று ஒரு பக்கம் தெரியாமல் போனாலோ படிக்க முடியாமல் போனாலோ 999ஐ அழைக்க வேண்டும். கண்ணாடிக் கடை பிறகு.

கண்ணாடிக் கடையில் உண்மையில் விடை கிடைத்துவிட்டது, யாரும் அதைப் படிக்கவில்லை. மிகச் சிறிய கோட்டின் திசையைச் சொல்லும் கண்ணுக்கு, பெரிய எழுத்து ஒன்றின் பெயரைச் சொல்ல வரவில்லை என்றால், பழுது கண்ணிலோ லென்ஸிலோ இருக்க வழியில்லை. எழுத்தறிந்த ஒருவரிடம் இந்த முரண் தெரிந்தால், அது ஒன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போதும்.

மருத்துவமனையிலும் நழுவ இடம் உண்டு. பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் வழக்கமான மதிப்பெண் அட்டையில் இவருக்குக் கிடைத்தது 3 மட்டுமே: பார்வைப்புலத்துக்கு, அதாவது கண் ஒரே நேரத்தில் காணும் பரப்புக்கு, 2; மொழிக்கு 1. நடக்கிறார், பேசுகிறார், மதிப்பெண் சிறியது, ஆகவே லேசான கேஸ் என்று எழுதிவிடுவது எளிது. கணக்கெழுதிப் பிழைப்பவருக்கு வாசிப்பு போவது எப்படி லேசாகும்? இன்னொரு பொறியும் உண்டு. “படிக்கத் தெரியுமா?” என்று கேட்கிறோம், “தெரியல” என்கிறார், “எழுத்தறிவில்லாதவர்” என்று கோப்பில் பதிவாகிறது. தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தவர்களிடம் இந்தப் பதிவை யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. “நேத்து வரைக்கும் பேப்பர் படிச்சாரா?” என்று வீட்டாரைக் கேட்பதுதான் சரியான கேள்வி.

படுக்கையருகே செய்த சோதனை

இரத்த அழுத்தம் 168/94. நாடி 104, ஒழுங்கில்லாமல் துடித்தது. அந்த ஒழுங்கின்மையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும்.

முதலில் பார்வைப்புலம். ஒரு மீட்டர் தள்ளி எதிரே உட்கார்ந்து, “என் மூக்கையே பாருங்க” என்று சொல்லி, நான்கு மூலைகளிலும் விரலை அசைத்துக் காட்ட வேண்டும். ஒரு கண்ணை மூடி ஒருமுறை, மறு கண்ணை மூடி ஒருமுறை. இவர் “வலக்கண் சரியில்லை” என்றுதான் சொன்னார்; நோயாளிகள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் வலக்கண்ணை மூடிய பிறகும், இடக்கண் தனியாகப் பார்க்கும்போதும், வலப் பாதி தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் ஒரே பக்கம் போனால் பழுது, கண்நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. நடுப்பார்வையில் ஒரு சிறு வட்டம் மட்டும் தப்பியிருந்தது.

பேச்சில் குறையில்லை. சொன்னதைத் திருப்பிச் சொன்னார், மூன்று படிகள் கொண்ட கட்டளையைச் செய்தார். பேனா, சாவி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் பார்த்துப் பெயர் சொன்னார். மகளையும் பக்கத்துக் கடைக்காரரையும் முகம் பார்த்தே அடையாளம் கண்டார். பச்சை டின்னைப் பார்த்ததும் “மைலோ” என்றார். அதே பெயரை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதிக் காட்டியபோது விழித்தார்.

அடுத்து எழுத்து. அவர் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும், பிறகு நாம் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். இரண்டையும் பிழையின்றி எழுதினார். எழுதி முடித்ததும் தாளை எடுத்து மறைத்துவிட்டுப் பத்து நிமிடம் வேறு பேச்சுப் பேச வேண்டும். உடனே காட்டினால் நினைவிலிருந்து ஒப்பித்துவிடுவார், வாசிக்கிறார் என்று நாம் ஏமாறுவோம். பத்து நிமிடம் கழித்துத் தன் வாக்கியத்தையே அவரால் வாசிக்க முடியவில்லை. பார்த்து எழுதச் சொன்னால் இன்னும் மோசம். ஒவ்வொரு வளைவையும் படம் வரைவதுபோல் வரைந்தார். சொல்லக் கேட்டு எழுதும் கை, பார்த்து எழுதத் திணறியது.

வாசிப்புச் சோதனைக்குக் கடைச் சொற்களையே எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. பழகாத சொல்லில் தடுமாறினால் காரணம் எதுவென்று தெரியாது. மிளகு மூன்றெழுத்து, மஞ்சள் நான்கு, ஏலக்காய் ஐந்து, கொத்தமல்லி ஆறு, பெருஞ்சீரகம் ஏழு. நன்றாக வாசிப்பவருக்கு இந்த ஐந்துக்கும் ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, சொல் முழுதாக ஒரே பார்வையில் விழும். இவர் மிளகுக்கு 9 வினாடி எடுத்தார், கொத்தமல்லிக்கு 22, பெருஞ்சீரகத்தைப் பாதியில் விட்டார். எழுதும் திறன் தப்பி வாசிப்பு மட்டும் போகும் இந்த நிலைக்குத் தூய வாசிப்பிழப்பு என்று பெயர்; எழுத்துக்கு எழுத்து நேரம் ஏறுவதுதான் அதன் முத்திரை. மூட்டையில் ரூமியில், அதாவது மலாய்க்கான ரோமன் எழுத்தில், எழுதியிருந்த லாடா ஹீத்தாமும் (கருமிளகு) அப்படியே. மொழி மூன்றாக இருந்தாலும் வாசல் ஒன்றுதான்.

எண்களோ தப்பியிருந்தன. 12.50, 348, 2019 எல்லாவற்றையும் தயங்காமல் வாசித்துக் கூட்டியும் சொன்னார். ஆக, சீட்டில் விலை தெரிகிறது, எதன் விலை என்பதுதான் தெரியவில்லை.

நிறத்தில் ஒரு வேடிக்கை. சிவப்பு அட்டையைச் சிவப்பு அட்டையோடு சரியாகச் சேர்த்தார். “மஞ்சள் தூள் என்ன நிறம்?”, “பழுத்த மிளகாய் என்ன நிறம்?” போன்ற கேள்விகளுக்கும் விடை சரி. ஆனால் எதிரே வைத்த சிவப்பு அட்டையின் நிறத்தைக் கேட்டால் “பச்சை” என்றார், பிறகு “நீலமோ?” என்றார். கண்ணுக்கு நிறம் தெரிகிறது, நாவுக்கு நிறத்தின் பெயர் தெரிகிறது. இரண்டுக்கும் இடையே தபால் போகவில்லை.

தமிழில் சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆங்கிலக் கையேடுகளில் ஒரு சோதனை உண்டு. எழுத்துகளை ஒவ்வொன்றாக வாயால் சொன்னால் நோயாளி சொல்லைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்ப்பது. காதுவழி திறந்திருக்கிறதா என்பதற்கு அது சான்று. இதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் கேலிக்கூத்து. “ம, ரு, ந், து” என்று சொல்வதும் “மருந்து” என்று சொல்வதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். எழுத்தறிவே இல்லாதவரும் விடை சொல்வார். உருவத்தைச் சொல்லிக் கேட்டால்தான் அது எழுத்துச் சோதனை ஆகும்: “ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால், அடுத்து டகரத்துக்கு மேல்விலங்கு.” இவர் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார்: “கொடி.” எழுத்தின் உருவ அறிவு உள்ளே பத்திரமாக இருக்கிறது என்பது அங்கே உறுதியானது.

இரண்டாவது, பார்வைப்புல இழப்பால் வரும் பிழையையும் வாசிப்பிழப்பால் வரும் பிழையையும் பிரிப்பது. கொ, கோ போன்ற எழுத்துகள் மெய்யின் இருபுறமும் உறுப்புக் கொண்டவை. வலப்பக்கம் தெரியாதவர் ‘கொ’வை ‘கெ’ என்றும் ‘கா’வை ‘க’ என்றும் சொல்லலாம். கண்ணைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தச் சொன்னதும் திருத்திக்கொண்டால் அது பார்வைப்புலத்தின் பிழை. எங்கே பார்த்தாலும் ‘ப’வும் ‘ய’வும் மாறினால் அது வேறு. இவரிடம் இரண்டும் இருந்தன, இரண்டாவதுதான் பெரிது. துணைக்காலை ரகரமாக வாசித்தது மட்டும் எந்தக் கணக்கில் சேரும் என்று சொல்வது கடினம், அச்சில் அவை இரண்டும் நல்ல கண்ணுக்கே ஏறக்குறைய ஒன்றுதான்.

புறணியில் நடந்தது என்ன

பெருமூளைப் புறணி 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள சாம்பல்நிறப் போர்வை. அதை விரித்தால் 2,000 சதுர சென்டிமீட்டருக்கு மேல் வரும், ஒரு சிறு அளவு நாளேட்டின் விரித்த இரு பக்கங்கள் போல. அதில் மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. மூளையில் உள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் இந்தப் போர்வையில் இருப்பவை 1,600 கோடி அளவில்தான், பெரும்பாலானவை சிறுமூளையில். புறணி எங்கும் ஒரே நெசவு கிடையாது. 1909இல் கோர்பினியன் பிராட்மன் நுண்ணோக்கியில் அணு அடுக்குகளைப் பார்த்துப் பகுதிகளுக்கு எண் கொடுத்தார், அந்த எண்களையே இன்றும் பயன்படுத்துகிறோம். எண் 17 பார்வையின் முதல் நிலையம். பிடரி மடலின் உட்புறத்தில், கால்கரைன் பிளவின் இரு கரைகளிலும் இருக்கிறது. அதில் ஓடும் வெள்ளைக் கோடு வெறுங்கண்ணுக்கே தெரியும். 1776இல் அதைக் கண்டவர் பார்மாவில் மருத்துவ மாணவராக இருந்த பிரான்செஸ்கோ ஜென்னாரி.

வலப்பக்கக் காட்சி இட 17க்கும் இடப்பக்கக் காட்சி வல 17க்கும் போகின்றன. மேற்பாதி பிளவின் கீழ்க்கரையில் விழுகிறது, கீழ்ப்பாதி மேற்கரையில். இந்த நிலையத்துக்குக் கோடு, விளிம்பு, சாய்வு தெரியும், எழுத்து தெரியாது. எழுத்தாக மாறுவது அடுத்த கட்டத்தில். இடப் பொட்டு மடலின் அடியில், பிடரியைத் தொடும் ஃபியூசிஃபார்ம் மடிப்பை ஒட்டிய ஓரிடத்தில் அது நடக்கிறது. 2000இல் லோரான் கோஹெனும் ஸ்தனிஸ்லாஸ் தெஹானும் சகாக்களும் அதைச் சொல்லுருவப் பகுதி என்று விவரித்தார்கள். எந்த லிபி படித்தவருக்கும் அது ஏறக்குறைய அதே இடத்தில் அமைகிறது. படிக்கக் கற்காதவரிடம் அது எழுத்துக்குப் பழகியிருக்காது. மனிதன் எழுதத் தொடங்கி ஐயாயிரம் ஆண்டுதான் ஆகிறது, அதற்கென்று மூளை தனி அறை கட்டியிருக்க நேரமில்லை. பொருளையும் முகத்தையும் பிரித்தறியும் புறணியில் ஒரு மூலையை எழுத்து வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

இங்கேதான் நிறம் தீட்டிய மூளைப் படங்கள் நம்மைக் கெடுத்துவிடுகின்றன. ‘இது பார்வை, இது பேச்சு, இது வாசிப்பு’ என்று ஒட்டிய சீட்டுகள் இந்த நோயாளியை விளக்காது. எம்ஆர்ஐயில் அவருடைய சொல்லுருவப் பகுதி உயிரோடுதான் இருந்தது. செத்தவை இரண்டு: இட 17உம் அதன் சுற்றமும், அத்தோடு ஸ்ப்ளீனியம். இரு மூளைப் பாதிகளையும் இணைக்கும் தடித்த நரம்புக் கட்டு கார்ப்பஸ் கலோசம். அதன் பின்கோடி ஸ்ப்ளீனியம். வழியைக் கூட்டிப் பார்த்தால் புரியும். வலப்பக்கக் காட்சி இட 17இல் இறங்க முடியவில்லை, நிலையமே இல்லை. இடப்பக்கக் காட்சி வல 17இல் நன்றாக இறங்கியது, அதனால்தான் பொருளும் முகமும் தெரிகின்றன. ஆனால் எழுத்து வாசிக்கப்பட வேண்டுமானால் அங்கிருந்து ஸ்ப்ளீனியம் வழியாக இடப்பக்கம் கடக்க வேண்டும். பாலம் இடிந்துவிட்டது. பினாங்குப் பாலமும் இரண்டாம் பாலமும் ஒரே நாளில் மூடி, ஃபெரியும் நின்றுபோனால், தீவில் கடைகள் திறந்தேதான் இருக்கும். எதிர்க்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து சரக்கு வராது, அவ்வளவுதான்.

எழுதும் திறன் ஏன் தப்பியது என்பதும் இதிலேயே இருக்கிறது. எழுதுவதற்கு உள்ளே இருக்கும் சொல் உச்சி மடலின் ஆங்குலர் மடிப்பு, அதாவது எண் 39, வழியாக நெற்றி மடலின் கை இயக்கப் பகுதிக்குப் போனால் போதும். அந்தப் பாதைக்கு இரத்தம் தருவது நடு மூளைத் தமனி. அடைபட்டது பின் மூளைத் தமனி. நிறத்தின் பெயரும் எழுத்தைப் போலவே பாலம் கடக்க வேண்டிய சரக்கு. பேனாவும் சாவியும் அந்தப் பாலத்தைக் கடக்காமலே பெயர் பெற்றது எப்படி? பார்த்த பொருளைத் தொட்டால் எப்படி இருக்கும், எதற்குப் பயன்படும் என்ற நினைவுகளும் சேர்ந்து எழுகின்றன, அவை கார்ப்பஸ் கலோசத்தின் முன்பக்க இழைகள் வழியே கடக்கலாம் என்பது ஏற்கப்பட்ட விளக்கம். எழுத்துக்கும் நிறத்துக்கும் அப்படித் தொட்டறியும் துணை கிடையாது. எண்ணை மூளையின் இரு பாதிகளுமே அடையாளம் காணும், அதனால் அது தனித்துத் தப்புகிறது.

இந்தப் பாதையை முதலில் வரைந்தவர் பாரிஸில் ஜூல் டெஜரின், 1892இல். அவர் பார்த்த வணிகர் ஒருவர் 1887 அக்டோபரில் வாசிப்பை இழந்தார். எழுதினார், எண் வாசித்தார், பார்த்தெழுதும்போது வரைந்தார். ஏறக்குறைய லெபு பசார் கணக்கரேதான். நான்கு ஆண்டுக்கு மேல் அப்படியே இருந்து, 1892 ஜனவரியில் இரண்டாம் பக்கவாதம் வந்து எழுத்தும் போய் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் இடப் பிடரி மடலிலும் ஸ்ப்ளீனியத்திலும் பழைய பழுது, ஆங்குலர் மடிப்பில் புதிய பழுது. வாசிப்பை எது எடுத்தது, எழுத்தை எது எடுத்தது என்று ஒரே மூளை இரண்டு தேதியில் காட்டிக்கொடுத்தது.

பழுது சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தால் படமே வேறு. ஆங்குலர் மடிப்பு அடிபட்டிருந்தால் எழுத்தும் கணக்கும் சேர்ந்து போயிருக்கும், இடம் வலம் குழம்பியிருக்கும், தன் விரல்களையே எது எதுவென்று சொல்ல முடியாமல் போயிருக்கும். பொட்டு மடலின் மேல்விளிம்பில் பின்பக்கம் என்றால் சரளமாகப் பேசுவார், பேச்சில் பொருள் இருக்காது. இரு பிடரி மடல்களும் போயிருந்தால் பார்வையே போயிருக்கும். சிலர் அப்போதும் தமக்குக் கண் தெரிவதாகவே சாதிப்பார்கள்.

படமும் மருந்தும்

சிடி ஸ்கேனில் இடப் பிடரியில் கறுத்த திட்டு ஒன்று 26 மணி நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது. முதல் சில மணிகளில் எடுத்திருந்தால் தெரியாமலே இருந்திருக்கலாம். தொடக்கத்து சிடி இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்வதற்கே முதலில் பயன்படுகிறது. ஸ்ப்ளீனியத்தின் பழுதை எம்ஆர்ஐ பரவல் படம்தான் காட்டியது. இட ஹிப்போகாம்பஸ் தப்பியிருந்தது நல்வாய்ப்பு. அதற்கும் இரத்தம் அதே தமனியிலிருந்துதான், அது போயிருந்தால் புதிய நினைவுகள் தங்காது, பயிற்சியே நடக்காது.

இசிஜி ஒழுங்கில்லா நாடியின் பெயரைச் சொன்னது: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் இட மேலறை சுருங்காமல் நடுங்க, தேங்கிய இரத்தம் கட்டியாகி, கழுத்தின் பின் தமனி வழியே ஏறி, அந்தத் தமனிகள் இரண்டும் மூளையடியில் ஒன்றாகச் சேர்ந்து மீண்டும் இரண்டாகப் பிரியும் உச்சியில் இடப்பக்கம் சிக்கியிருக்கிறது. நேரம் கடந்ததால் கரைக்கும் ஊசி இல்லை. முதல் நாட்களில் இரத்த அழுத்தத்தை அவசரமாக இறக்கவில்லை. ஊசி போடாதவருக்கு 220/120ஐத் தாண்டாதவரை பொறுப்பது வழக்கம், விளிம்பில் தவிக்கும் புறணிக்கு அந்த அழுத்தம் தேவை. நான்காம் நாள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான் 5 மி.கி. காலை மாலை தொடங்கினார்கள். பெரிய அடைப்பாக இருந்தால் செத்த இடத்தில் கசியும் அபாயம் கருதி இன்னும் தள்ளுவார்கள்.

மாத்திரைப் பெட்டியின் பெயரை இவரால் வாசிக்க முடியாது என்பதை வார்டில் யாரும் முதலில் யோசிக்கவில்லை. ‘5’ தெரியும், எது 5 என்று தெரியாது. காலை மாலை அறைகள் பிரித்த டப்பாவில் மகள் வாரத்துக்கு ஒருமுறை நிரப்பி வைப்பது ஏற்பாடானது.

வண்டி ஓட்டுவது உடனே நிறுத்தம், மோட்டார் சைக்கிளும் சேர்த்து. நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் போகிறோம், எதிர்வண்டி வருவது வலப்பக்கம். இவருக்கு இல்லாத பாதி அதுதான். இதில் குடும்பம் கெஞ்சினாலும் இளகக் கூடாது.

மீண்டும் எழுத்துக்கு

கண்வழி அடைபட்டது, கைவழி திறந்திருக்கிறது. பயிற்சி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் நிற்கிறது. கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் ‘ம’ எழுதினால் உடனே “ம” என்றார். வலக்கையின் தொடுவுணர்வும் அசைவுணர்வும் இட உச்சி மடலுக்குப் போகின்றன, பாலம் தேவையில்லை.

கடையிலிருந்தே வந்தது தட்டு: 30க்கு 40 சென்டிமீட்டர், அதில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு ரவை. பச்சரிசியும் ஆகும், ரவை விரலுக்குக் கூடுதலாக உறைக்கிறது. விஜயதசமியில் குழந்தை விரலைப் பிடித்து எழுதவைப்பதை அப்படியே 64 வயதில் செய்வதுதான், கூச்சம் வரும், வரட்டும். ஐந்து சென்டிமீட்டர் உயர எழுத்து அட்டையை இடப்பக்கம் வைத்து, முதலில் அட்டையின் மேலேயே ஆள்காட்டி விரலால் கோட்டைத் தொடர வேண்டும். பிறகு ரவையில் அதே அசைவு. பிறகு வாயால் சொல்வது. காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம். அதற்கு மேல் போனால் களைப்பில் பிழை கூடி, பிழையே பழகிவிடும்.

முதல் வாரம் முன்னேற்றமே இல்லை. காரணம் கண்டுபிடிக்கச் சில நாள் ஆனது. அட்டைகள் கணினியில் அச்சிட்டவை. அவர் விரல் எழுத்தைத் தொடங்கும் இடம் தவறினால் அசைவு பழைய அசைவோடு பொருந்தாது, பெயர் வராது. கோட்டின் தொடக்கத்தில் சிவப்புப் புள்ளி வைத்த பிறகு ப, ட, ம மூன்றும் வந்துவிட்டன. இன்னொன்று, அவர் பள்ளியில் படித்தது தமிழ்நாட்டின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. சொல்லக் கேட்டு எழுதும்போது ‘லை’க்கு யானைத் தும்பிக்கை போட்டார், ‘றா’வைப் பழைய வளைவில் எழுதினார். அந்தக் கைக்குப் புது ‘லை’ அட்டை அந்நியம். பழைய வடிவத்தில் கையால் எழுதிய அட்டைகள் வந்த பிறகே ஐகார வரிசை நகர்ந்தது.

ன, ண குழப்பத்துக்குத் தமிழே மருந்து வைத்திருக்கிறது. இரண்டு சுழி, மூன்று சுழி என்று நாம் சொல்லும் பெயர் கண்ணுக்கானது என்பதைவிட விரலுக்கானது. சுழியை விரலால் எண்ணினால் தவறு நடக்காது. இ, ஞ, ஜ போன்ற வளைவு மிகுந்தவற்றைக் கடைசிக்குத் தள்ளினார்கள்.

எழுத்து வந்தபின் சொல். இங்கே தமிழ் வாசகருக்கு ஓர் அனுகூலமும் ஒரு பாரமும். எழுத்தை வரிசையாகச் சொன்னாலே சொல் காதில் விழுந்துவிடும், ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டல் வம்பு இல்லை. ஆனால் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ பதின்மூன்று எழுத்து. பத்தாவதுக்கு வரும்போது முதல் மூன்று நழுவிவிடும். அதனால் அட்டைகளில் வந்து, கொண்டு, இருக்கிறார்கள் என்று பிரித்தே எழுதினார்கள். இலக்கணம் முகம் சுளிக்கலாம். இரண்டாம் மாதத்திலிருந்து ஒரே பத்தியைத் தினமும் உரக்கப் படித்து, வேகம் கூடிய பிறகு அடுத்த பத்தி. வரி முடியும் இடத்தில் வலப்பக்கம் தடித்த கோடு ஒன்று. கண் அந்தக் கோட்டைத் தொட்ட பிறகுதான் அடுத்த வரிக்கு இறங்க வேண்டும்.

மூன்றாம் மாதம் மிளகு 3 வினாடி, கொத்தமல்லி 8. தாள் ஓரத்தில் விரல் சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருக்கும், அதைத் தடுக்கக் கூடாது. வலப்பக்க இருள் அப்படியேதான் இருக்கிறது. நாளேடு முழுதாகப் படிப்பது இனி நடக்காது என்று வீட்டாரிடம் சொல்லியாகிவிட்டது. செய்தியைக் கைப்பேசி உரக்க வாசிக்கிறது, கடைக்காரர்கள் வாட்சப்பில் குரலாக அனுப்புகிறார்கள்.

கடையில் மகள் முதலில் ஜாடிகளுக்கு நிறச் சீட்டு ஒட்டினார். கையில் இருக்கும் சீட்டோடு ஜாடியைப் பொருத்தி எடுக்க அவரால் முடிந்தது. வேலைக்காரரிடம் “அந்தச் சிவப்பை எடு” என்று சொல்லும்போது நீலம் என்றார், சரக்கு மாறிப் போனது. நிறச் சீட்டுகளைக் கிழித்துவிட்டு எண் எழுதினார்கள். மிளகு 1, மஞ்சள் 2, ஏலக்காய் 3, கொத்தமல்லி 4. பட்டியலை நாலு நாளில் மனப்பாடம் செய்துவிட்டார், ஹிப்போகாம்பஸ் தப்பியதன் பலன். இப்போது அவர் பேரேட்டில் சரக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண், அதற்கு நேரே எடை, அதற்கு நேரே ரிங்கிட். எழுதியதைத் தானே மறுநாள் வாசிக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் மட்டும், எந்த வரியில் விட்டார் என்று தெரிய இடக்கை விரல் அந்த வரியிலேயே ஊன்றியிருக்கும்.